ஏழு வீட்டுக் களம்

"உங்க அக்கா எந்தக் கம்பெனியில வேலை பார்த்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

எந்தக் கம்பெனியிலும் இல்லை என்றேன். அவர் கையிலிருந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். கப்பல் உடைக்கும் இடம், வண்டிக்குப் பிரேக் கட்டை செய்யும் இடம், சிமெண்ட் ஷீட் கம்பெனி இப்படி எதிலாவது வீட்டில் யாராவது இருந்தார்களா, அப்பா, அண்ணன், வீட்டுக்காரர், யாராவது? எங்கள் அப்பா விவசாயி. அக்கா கல்யாணம்வரை தோட்டத்தில் இருந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு ஏலத்தோட்டத்தில் இருக்கிறாள். கிழக்குப் பாலக்காட்டில் பிறந்து மலைமேல் உடும்பஞ்சோலையில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கப்பல் எங்கிருந்து வரும்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, "இல்லீங்க" என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அக்காவுக்கு ஏழெட்டு மாதமாக இருமல். மலையில் இருமலை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? குளிர் என்றார்கள், மழை என்றார்கள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று வைத்திருக்கிறார். வீட்டை ஒட்டியே இருக்கிறது. சீசன் வந்தால் விறகுப்புகை நாள் முழுக்க ஜன்னல் வழியே வரும். அந்தப் புகைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பிறகு விலாவில் வலி வந்தது. நாலு படி ஏறினால் மூச்சு நின்று நின்று வந்தது. நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்தார்கள், மூன்று வாரத்தில் மறுபடி கோத்தது. டிபியாக இருக்கும் என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. கடைசியில் மலையிறக்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அந்தக் காகிதம்தான் டாக்டர் கையில் இருந்தது.

மீசோதீலியோமா என்று அவர் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது, அதில் வரும் புற்றுநோய் என்றார். பீடி சிகரெட்டால் வருவதல்ல. பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஆஸ்பெஸ்டாஸ். கல்நார் என்று தமிழில் சொல்வார்கள். அதன் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கும். மூச்சோடு உள்ளே போனால் சிலருக்கு அங்கேயே தங்கிவிடும். முப்பது வருஷம், நாற்பது வருஷம் ஒன்றும் செய்யாது. அப்புறம்தான் காட்டும்.

"காட்டுனா?" என்றேன்.

"காட்டும்போது ரொம்ப முத்தியிருக்கும்மா" என்றார். நல்ல மனிதர். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் வார்டுக்குத் திரும்பி அக்கா கட்டிலில் உட்கார்ந்தேன். பாதியை மறைத்துச் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். என்னால் அவளிடம் பொய் சொல்ல முடிந்ததே இல்லை. முழுசையும் சொல்லிவிட்டேன். அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. இரண்டே வார்த்தை சொன்னாள்.

"ஷீட் மாவு."

டாக்டர் மூன்று தரம் கேட்டும் எனக்கு வராத ஞாபகம் அவளுக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது.

நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை அது. தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஷீட் கம்பெனி இருந்தது. இப்போது இல்லை. ஷீட்டை வெட்டும்போதும் இழைக்கும்போதும் விழும் தூளை அவர்கள் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களுக்கு லாரியிலேயே கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் ஊரில் கேட்காதவர்கள் யாரும் இல்லை. காரணம் களம். எங்கள் பக்கம் கரிசல் மண். கடலைக்காய் பிடுங்கிக் காயப்போடும் காலத்தில் வெயில் அடித்தால் களம் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் காய் விழும், மண் ஒட்டும், வியாபாரி முகத்தைச் சுளிப்பான். வருஷா வருஷம் சாணி போட்டு மெழுகி, வருஷா வருஷம் வெடித்து, அது ஒரு ஓயாத வேலை. அப்போதுதான் யாரோ அந்தத் தூளைச் சாணியோடு குழைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வெடிக்கவே இல்லை. சிமெண்ட்டுத் தரை தோற்றுப்போகும்.

தூளில் கட்டி இருக்கும், ஷீட் துண்டு இருக்கும். சலிக்க வேண்டும். அதில் அக்காதான் கைகாரி. அவளுக்குப் பதினாறு வயது. வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பெரிய சல்லடையில் அள்ளிப் போட்டு, இரண்டு கையாலும் ஆட்டுவாள். மாவு பொலபொலவென்று விழும். அதனால்தான் ஷீட் மாவு என்று பெயர். மூன்று கூடை மாவுக்கு ஒரு கூடை சாணி, தண்ணீர் அளந்துதான் ஊற்ற வேண்டும், இதெல்லாம் அவள் கண்டுபிடித்த கணக்கு. வழித்துவிட்டு, பலகையால் தட்டி, கூழாங்கல்லால் தேய்த்து விடுவாள். எங்கள் களத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வளவில், வீடும் வாசலும் சேர்ந்ததை அப்படித்தான் சொல்வோம், கூப்பிட்டார்கள். அப்புறம் அதற்கடுத்த வளவு. அந்த ஒரே கோடையில் ஏழு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தாள். கூட அவள் வயசுப் பெண்கள் மூன்று பேர். களம் முடிந்த வீட்டில் முதல் காயை வறுத்து ஒரு முறம் நிறையக் கொடுப்பார்கள். அக்காவுக்கு அதில் இருந்த பெருமையை என்னால் சொல்லி முடியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நாலு பேர் முகமும் வெள்ளை வெளேரென்று இருக்கும். "பவுடர் பூசீட்டு எந்த ஊருக் கல்யாணத்துக்குப் போறீங்க?" என்று அப்பா கேலி செய்வார். தலைக்கு மட்டும் துணி கட்டியிருப்பார்கள். முடியில் பட்டால் விறைத்துவிடும் என்று. மூக்குக்கு யாரும் கட்டவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் அழுதிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங். தூசி பட்டால் இளைப்பு வரும். சல்லடைக்குப் பக்கத்தில் போனாலே அக்கா கையை ஓங்குவாள். "அக்கட்டால போ. உனக்கு எளைப்பு வரும்" என்பாள். நான் போக மாட்டேன். ஒரு நாள் ஈர்க்குமாற்றின் பின்பக்கத்தால் நிஜமாகவே ஒன்று வைத்தாள். அந்த வஞ்சத்தை நான் ரொம்ப நாள் மனதில் வைத்திருந்தேன்.

களம் போட்டதோடு முடியவில்லை. வாசலைத் தண்ணீர் தெளித்துத்தான் கூட்டுவோம். களத்தை அப்படிக் கூட்ட மாட்டோம். காய் காயும் காலத்தில் களத்தில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பூசணம் பிடித்துவிடும். அதனால் உலர்ந்த களத்தை உலர்ந்த ஈர்க்குமாற்றால்தான் கூட்ட வேண்டும். களத்துக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டோம், அதற்கு அவ்வளவு மரியாதை. பட்டணத்திலிருந்து வருகிறவர்களைக்கூடக் கழற்றிவிட்டு வரச் சொல்வோம். ராத்திரி காவலுக்கு அதிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். களத்தின் மேல்பூச்சு தேய்ந்து தேய்ந்து வெளுக்க, நாங்கள் கூட்டிக்கொண்டே இருந்தோம்.

இதெல்லாம் எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை எலும்பாக இருந்தது.

"டாக்டரு கேட்டா கம்பெனி கிம்பெனி ஒண்ணுமில்லேன்னே சொல்லு. ஊருலயும் வாயைத் தொறக்காதே."

"எதுக்குக்கா?"

"ஏழு ஊட்டுக்குப் போட்டவ நானு. ஒவ்வொரு ஊட்டுலயும் பேரன் பேத்தி ஓடியாடுது. இன்னார் போட்ட களத்துல வெசம் இருக்குதுன்னு ஊரே பேசோணுமா? அதைக் கேட்டுட்டு நான் சாகோணுமா? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பேன். அக்காவை மலைக்கே அழைத்துப் போய்விட்டார்கள். வலிக்கு மருந்தும், தீராத நோயாளிகளை வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸும்தான் இனி.

நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் செக்ரட்டரி. இருபத்தாறு வருஷமாக விடியற்காலையும் சாயங்காலமும் அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறேன். பாலில் ஒரு தம்ளர் தண்ணீர் கலந்தால்கூடப் பால்மானி போடுவதற்கு முன்பே கேன் சாய்கிற விதத்தில் எனக்குத் தெரியும். அப்போது என் வாயைப் பார்க்க வேண்டும். பஞ்சாயத்து மெம்பர் ஆனாலும் விட மாட்டேன். என்னைக் கண்டால் பயம் என்று பாதி ஊர் சொல்லும். அந்த நான், அந்த ஏழு வீட்டு ஆட்களும் தினம் இரண்டு வேளை என் முன்னால் வந்து நிற்க, வாயைப் பொத்திக்கொண்டு பால் அளந்தேன்.

ஏழு களத்தில் ஐந்து இன்னும் அப்படியே இருந்தன. ஒன்றின் மேல் வீடு கட்டிவிட்டார்கள், ஒன்று எங்களுடையது, சித்தப்பா மகன் பங்குக்குப் போய்ச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. மற்ற ஐந்திலும் இப்போது கடலைக்காய் குறைவு. தேங்காய் காய்கிறது, மிளகாய் காய்கிறது, பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். சொசைட்டிக்குப் போகிற வழியில் அந்த ஐந்தையும் கடந்துதான் போக வேண்டும். முன்பெல்லாம் அவை என் கண்ணிலேயே பட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றிலும் ஈர்க்குமாற்றுச் சத்தம் காதை அறுத்தது.

ஆவணியில் மேற்கு வளவுக்காரர் மாட்டுக்கொட்டகையைப் பெரிதாக்கப் போவதாகச் சொன்னார். எட்டுக் கறவை வைத்திருக்கிறார், எங்கள் சொசைட்டிக்கு அதிகம் ஊற்றுகிறவர். எங்கே கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். களத்தை உடைத்துவிட்டு அங்கேதான் என்றார். நாளை ஜேசிபி வருகிறதாம்.

இப்போது சொல், இப்போது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். அக்காவின் எலும்புக் கை மணிக்கட்டில் இருப்பது போலவே இருந்தது.

"ஏனுங்கண்ணா, ஒடைக்கறப்ப நல்லாத் தண்ணி ஊத்தீட்டு ஒடைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி மேலயே செமெண்ட்டைப் போட்டு மூடிப்போடுங்க. எதுக்கு ஒடைக்கோணும்?" என்றேன்.

அவர் சிரித்தார். "பாலுல தண்ணி ஊத்துனா அம்மிணி வையறே. களத்துல ஊத்தாட்டியும் வையறயே. என்னதான் பண்ணட்டும் நானு?" வரிசையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. தண்ணீர் யாரும் ஊற்றவில்லை. அக்கா போட்ட களம் லேசில் உடையவில்லை, ஜேசிபிக்காரன் அரை நாள் போராடினான். "அந்தக் காலத்து வேலைன்னா அந்தக் காலத்து வேலைதான்" என்று பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். வெள்ளைத் தூசி எழும்பி, தென்னை மட்டையிலும், கட்டியிருந்த எருமை முதுகிலும், கொடியில் காய்ந்த துணியிலும் படிந்தது. அன்று சாயங்காலம் வந்த கேன்களின் மூடியில்கூட இருந்தது. நான் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வாங்கினேன். ஏன் துடைக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம் என்று ஊருக்குத் தெரியும்.

அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. சொசைட்டிக்கு வருகிற மண்பாதை போன வருஷத்து மழைக்குக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. உடைத்த கட்டிகளை வீணாக்குவானேன் என்று மேற்கு வளவுக்காரர் டிராக்டரில் ஏற்றிவந்து அந்தக் குழிகளில் கொட்டி, டயரை ஏற்றி நொறுக்கிச் சமன் செய்து கொடுத்தார். ஊருக்கு உபகாரம். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். இரண்டே நாளில் பாதை வெள்ளையாகிவிட்டது. ஒவ்வொரு பைக் போகும்போதும் புகை மாதிரி எழும்பும். அங்கன்வாடியும் அதே பாதையில்தான். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. மூன்று வாரம் ஒரு தூறல்கூட இல்லை.

மூன்று வாரமும் நான் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு நடந்தேன். நான் மட்டும். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். என் மூக்கை மட்டும் மூடிக்கொண்டேன்.

அப்புறம் தாங்கவில்லை. சொசைட்டியை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். கம்பத்தில் இறங்கி ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு ஏறி உடும்பஞ்சோலை போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ஸ்டோரில் ஏலக்காய் ஏற்றியிருந்தார்கள். மாமா வாசலிலேயே நின்றார். "ரெண்டு நாளா சரியாச் சாப்பிடறதில்லீங் அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

அக்கா மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். களம் உடைந்தது, பாதை, அங்கன்வாடி, மூன்று வாரம். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று வேறு சொன்னேன். அதற்கு ஒரு பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அதில் இருந்த கோபத்தை நான் சின்ன வயதில், ஈர்க்குமாற்றால் அடித்த அந்த ஒரு தரம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"நான் சொல்லாதேன்னா... நீ சொல்லாம இருந்துருவயா?" என்றாள். "பொறந்ததுல இருந்து... நான் சொன்ன எதைக் கேட்ட? இதை மட்டும்... ஏன் கேட்ட?"

அவள் பயத்தில் கேட்ட சத்தியம் அது. நான் என் வழக்கப்படி அதை மீறுவேன் என்று எங்கேயோ நம்பித்தான் கேட்டிருக்கிறாள். நான் ஆயுசில் ஒரே ஒரு தரம் சொல் பேச்சுக் கேட்டேன், அதுவும் இதில். தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

"அளுகறதுக்கு நேரமில்ல" என்றாள் அக்கா. "கெழக்கு வளவுப் புள்ள... எப்பிடிச் செத்தா?"

கிழக்கு வளவுப் பெண் அக்காவோடு சல்லடை பிடித்த மூன்று பேரில் ஒருத்தி. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் நெஞ்சில் தண்ணீர் கோத்து இறந்தாள். என்ன நோய் என்று கடைசிவரை தெளிவாகத் தெரியவில்லை. நான் சாவுக்குப் போயிருந்தேன். அங்கே பந்தலில் உட்கார்ந்து காபி குடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சேர்த்துப் பார்த்துவிட்டிருக்கிறாள். அதனால்தான் அவ்வளவு பயம்.

"மீதி ரெண்டு பேரு இருக்கறாங்க" என்றாள். "அவீகளுக்குத் தெரியோணும். போனை எடு. பேசறதைப் புடிச்சுக்க."

ஃபோனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். குரல் சன்னமாக இருந்ததால் நான் முகத்தோடு முகம் ஒட்டுகிற அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது. அவள் தன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னாள். ஏழு வீட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான்தான் சலித்தேன், நான்தான் போட்டேன், எனக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்றாள். களத்தை யாரும் உடைக்காதீர்கள், உலர்ந்த ஈர்க்குமாற்றால் கூட்டாதீர்கள், மேலே காங்கிரீட் போட்டு மூடுங்கள், பாதையை நனைத்து மூடுங்கள். கூடச் சலித்தவர்கள் டாக்டரிடம் போய்க் களத்தைப் பற்றிச் சொல்லுங்கள், என்னை மாதிரி மறைக்காதீர்கள். இவ்வளவுக்கும் ஒன்பது நிமிஷம் ஆனது. பாதிக்கு மேல் மூச்சுதான்.

முடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள். காற்று திசை மாறி ஸ்டோர்ப் புகை ஜன்னலுக்குள் நிறைய வந்தது. நான் இருமினேன்.

"அக்கட்டால போ" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "உனக்கு எளைப்பு வரும்."

ஃபோனை அணைக்கவில்லை என்பதை நான் பஸ்ஸில்தான் கவனித்தேன். அதுவும் பதிவாகியிருந்தது. அழிக்க மனம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் பால் ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்து, கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் போகாதீர்கள் என்றேன். பாலில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஃபோனை மேஜைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அக்காவின் மூச்சுக்கு நடுவே ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்டது. கடைசியில் அந்த வாக்கியமும் வந்தது. நான் அக்கா சத்தியம் வாங்கியதையும், தெரிந்திருந்தும் மூன்று வாரம் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

மேற்கு வளவுக்காரர் வெளியே போனார். இருட்டுவதற்குள் டிராக்டரில் தண்ணீர் டேங்க்கைக் கட்டிக்கொண்டுவந்து பாதையை நனைக்க ஆரம்பித்தார். காலையும் மாலையும் நனைத்தார். பஞ்சாயத்தில் சண்டை போட்டுப் பாதையின் மேல் காங்கிரீட் வர இன்னும் பத்தொன்பது நாள் ஆனது. அந்தச் சண்டையை நான்தான் போட்டேன், அதில் என் வாய் எனக்கு உதவியது. மிச்ச களங்களையும் நனைத்து மூடினோம். அக்காவோடு சலித்த இரண்டு பேரையும் நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒருத்திக்கு இதுவரை ஒன்றுமில்லை. இன்னொருத்தியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது. ஈர்க்குமாற்றின் பின்பக்கத்துக்கு நான் பட்ட கடனை இனி யாரிடம் போய்ச் சொல்ல?

பாதையில் காங்கிரீட் போட்ட வாரத்தில் அக்கா போய்விட்டாள். போட்டாயிற்று என்று நான் ஃபோனில் சொன்னதை மாமா அவளிடம் சொன்னபோது, "தூசி பறக்காமப் போட்டாங்களா?" என்று கேட்டாளாம். நனைத்துத்தான் போட்டார்கள் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

உடைத்த நாளிலிருந்து டேங்க் வந்த நாள்வரை இருபத்திரண்டு நாள். அந்த நாட்களில் அந்தப் பாதையில் அங்கன்வாடிக்கு நடந்த பிள்ளைகள் பதினான்கு பேர். யார் யார் என்று எனக்குத் தெரியும், தினமும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போனார்கள். டாக்டரிடம் கேட்டேன். எல்லோருக்கும் வராது என்றார், கொஞ்ச நாள்தானே, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். யாருக்கும் வராது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் அதைச் சொல்லவில்லை.

இப்போது அவர்கள் ஓடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. தெரிய வந்தாலும் நாற்பது வருஷம் கழித்துத்தான். அப்போது நான் இருக்க மாட்டேன். பாதை காங்கிரீட்டாகவோ தாராகவோ இருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்காகத்தான் இதை எழுதிவைக்கிறேன். என்றைக்காவது ஒரு டாக்டர் உங்கள் பதினான்கு பேரில் ஒருவரிடம், எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், எந்தக் கம்பெனியிலும் இல்லை என்று என்னை மாதிரி எழுந்து வந்துவிடாதீர்கள். மூன்று வயதில் பால் சொசைட்டிப் பாதையில் நடந்தேன் என்று சொல்லுங்கள்.